ஷாதா ஆலோவும் சாதா விளக்கும்

நம் ஆபீஸ் மாதிரி அறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவர், போன ஞாயிற்றுக்கிழமை கரியாஹாட் சந்தையில் என்னைப் பிடித்துக்கொண்டார். என் ஒரு கையில் பூசணிக் கீற்று, மறு கையில் குடை. "ஸார், யுத்த மேஜைக்கு எந்த விளக்கு நல்ல விளக்கு?" என்று கேட்டார். பூசணியைக் கீழே வைக்காமலே அரை மணி நேரம் பேசினேன். அவர் மரியாதையாகத் தலையாட்டினாரே தவிர, கேட்டதற்குப் பதில் கிடைத்த முகமாகத் தெரியவில்லை. எனக்கு வயதாகிவிட்டது, பேச ஆரம்பித்தால் எங்கெங்கோ போய்விடுகிறேன். எழுதினால் கொஞ்சம் ஒழுங்காக வரும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நம் வேலை என்ன என்று என் சம்பந்திக்கு இன்றுவரை விளங்கவில்லை. "பெரியவா விளையாடப் பொம்மை பண்ற ஆபீஸ்தானே?" என்கிறார். பாதி உண்மைதான். பிளாஸ்டரில் குன்றும் ஆறும் செய்த பெரிய மேஜை. அதன்மேல் கட்டைவிரல் உயர ஈயச் சிப்பாய்கள். படை அதிகாரிகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து, கோல் வைத்து அளந்து சிப்பாய்களை நகர்த்துவார்கள். சந்தேகம் வந்தால் நடுவர் தாயக்கட்டையை உருட்டித் தீர்ப்புச் சொல்வார். போரில் செய்யக்கூடிய தப்பை மேஜையிலேயே செய்து தீர்த்துவிட்டுப் போகட்டும் என்பதுதான் ஏற்பாடு. சிப்பாய்க்கு வர்ணம் பூசுவதும் மேஜைக்கு வெளிச்சம் தருவதும் நம் பொறுப்பு. அதிகாரிகளின் தப்புக்கு மேஜை இருக்கிறது. நம் தப்பை எங்கே வைத்துச் செய்து பார்ப்பது?

நான் செய்த முதல் தப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அலிப்பூர் ஆபீஸில் சேர்ந்த முதல் மாதம். அப்போது இருந்தது சின்ன மேஜை, ஒரே விளக்கு. கண் கூசக் கூடாதே என்ற நல்ல எண்ணத்தில் அந்த விளக்கை ஆட்டக்காரர்களின் முதுகுக்குப் பின்னால் நிறுத்தினேன். வந்தவர்களில் ஒரு மேஜர் நல்ல ஆகிருதி. அவர் குனிந்தாரானால் அவருக்கு முன்னால் பாதி நாடு இருண்டுவிடும். எதிரே இருந்த லெப்டினன்ட் இதைக் கவனித்துவிட்டான். அந்த வயிற்று நிழலுக்குள்ளேயே தன் குதிரைகளை ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டு போய்ப் பாலத்தைப் பிடித்தான். மேஜர் நிமிர்ந்து பார்த்தபோது பாலம் கைமாறியிருந்தது. எல்லோரும் சிரித்தார்கள், மேஜர்தான் அதிகம் சிரித்தார். அன்றிலிருந்து விளக்கு மாட்டினால் ஒவ்வொரு நாற்காலியிலும் நானே உட்கார்ந்து, குனிந்து, கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவேன்.

அந்தத் தப்பு சிரிப்போடு போயிற்று. அடுத்தது அப்படிப் போகவில்லை. உங்களுக்குச் சொல்ல வந்தது அதைத்தான்.

தஞ்சாவூரிலிருந்து நான் கல்கத்தாவுக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. வேலை தற்காலிகம். ஒரு வருஷம் ஒழுங்காக ஓட்டினால் நிரந்தரம் என்று பேச்சு. நாலு மாதம் பாக்கி. பவானிபூரில் ஒரு மாடியில் ஒற்றை அறை எடுத்து என் மனைவியையும் அழைத்து வந்திருந்தேன். அந்தச் சமயத்தில் பத்தடி நீளத்துக்குப் புது மேஜை ஒன்று தயாரானது. சூப்பரின்டெண்ட் துரை என்னைக் கூப்பிட்டு, "இதற்கு விளக்கு நீ தேர்ந்தெடு" என்றார். அவர் சீமையிலிருந்து வந்தே ஒரு குளிர்காலம்தான் ஆகியிருந்தது. வங்காளி, ஹிந்துஸ்தானி எதுவும் தெரியாது. எனக்கு வங்காளி வரும் என்று நான்தான் அவரிடம் அளந்து வைத்திருந்தேன்.

எங்கள் வர்ணக்காரர் ஒரு வங்காளி. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மிஸ்திரி என்றே எல்லோரும் கூப்பிடுவோம். பெயரை எழுதினால் அவர் பிள்ளைகள் என்னோடு சண்டைக்கு வருவார்கள், அதனால் இங்கேயும் மிஸ்திரி என்றே இருக்கட்டும். காளிகாட் பக்கம் பொம்மை செய்கிற குடும்பம். வடக்கு ஜன்னலோரம் சம்மணமிட்டு உட்கார்ந்தால், நெல் அளவு முகத்தில் மீசையையும் முறைப்பையும் கொண்டுவந்துவிடுவார். புது மேஜைக்காக இரண்டு கட்சி பூசிக்கொண்டிருந்தார்: ஒன்றுக்குக் கருநீலச் சட்டை, மற்றதற்குக் கரும்பச்சைச் சட்டை. அவரிடம் போய், "மிஸ்திரி மொஷாய், மேஜைக்கு என்ன விளக்கு போடலாம்?" என்று கேட்டேன்.

அவர் தலை நிமிரவில்லை. "ஷாதா ஆலோ சாய், பாபு. ஷாதா ஆலோ" என்றார். ஆலோ என்றால் வெளிச்சம், சாய் என்றால் வேண்டும். அவ்வளவும் எனக்குத் தெரியும்.

இங்கே என் புத்திசாலித்தனத்தைக் கொஞ்சம் கேளுங்கள். வங்காளிகள் நம் 'ச'வை 'ஷ' ஆக்கிவிடுவார்கள் என்பதை நான் வந்த இரண்டாவது வாரமே கண்டுபிடித்திருந்தேன். சீதா அவர்களுக்கு ஷீதா. சோமவாரம் ஷோம்பார். ஆகவே, 'ஷ' வந்தால் 'ச' போட்டுக்கொள் என்று எனக்கு நானே ஒரு இலக்கணம் எழுதி வைத்திருந்தேன். அதைப் போட்டுப் பார்த்தேன். ஷாதா, சாதா. சாதா வெளிச்சம்! என்ன எளிமையான மனுஷர், ஆடம்பரம் எதுவும் கேட்கவில்லையே என்று எனக்கு அவர்மேல் மதிப்புக்கூட உண்டாயிற்று. ஸ்டோரில் சாதா மண்ணெண்ணெய்த் தொங்கு விளக்குகள் நாலு தூசி படிந்து கிடந்தன. புதுச் சாமான் கேட்டு இண்டெண்ட் எழுதுகிற தொல்லையும் இல்லை. துடைத்து மாட்டிவிட்டேன்.

சோதித்துப் பார்க்காமல் இல்லை. ஜன்னலை மூடி, விளக்கேற்றி, செய்தித்தாளை விரித்துப் படித்தேன். எல்லா நாற்காலியிலும் உட்கார்ந்து படித்தேன். எழுத்து பளிச்சென்று தெரிந்தது. திருப்தியோடு வீட்டுக்குப் போனேன். அச்செழுத்து கறுப்பு, காகிதம் வெள்ளை. வர்ணத்தைப் பற்றி அது எனக்கு என்ன சொல்லும் என்று அன்றைக்குத் தோன்றவில்லை.

புது மேஜையின் முதல் ஆட்டம் ஒரு சனிக்கிழமை மத்தியானம். அரை நாள் ஆபீஸ், குமாஸ்தாக்கள் எல்லாம் போய்விட்டார்கள். நான், துரை, நாலு ஆட்டக்காரர்கள், நடுவர், பார்வையாளராக ஒரு பெரிய ஜெனரல். சிப்பாயின் கை கால் உடைந்தால் ஒட்டுவதற்காக மிஸ்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். மூன்று மணி வரைக்கும் ஜன்னல் வெயிலில் எல்லாம் அழகாக நடந்தது. ஜெனரல் ஒரு சிப்பாயைக் கையில் எடுத்துப் பார்த்து, பேஷ் என்கிற மாதிரி தலையாட்டினார். துரைக்கு முகம் மலர்ந்துவிட்டது.

அது சித்திரை மாதம். இந்த ஊரில் சித்திரைச் சாயங்காலம் எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நாலு மணிக்கு வடமேற்கில் ஒரு கறுப்புத் தெரிந்தது. பத்து நிமிஷத்தில் கால்பைசாகி என்கிற கோடைப் புயல்காற்று புழுதியை வாரிக்கொண்டு அறைக்குள் வந்துவிட்டது. ஓடிப்போய் ஜன்னல்களை எல்லாம் அடைத்தேன். அறை கும்மிருட்டு. நாலு விளக்கையும் ஏற்றினேன். வெளியே மழை கொட்ட, உள்ளே ஆட்டம் தொடர்ந்தது.

பச்சைக் கட்சியை நடத்தியவர் ஒரு கேப்டன், செம்பட்டை மீசைக்காரர். குன்றுக்குப் பின்னால் குதிரைப்படை ஒன்று ஒளிந்திருப்பதைப் பார்த்துவிட்டார். "பிடித்தேன்!" என்று கத்தி, தன் பீரங்கிகள் அத்தனையையும் அதன்மேல் திருப்பினார். தாயம் அவர் பக்கம் விழுந்தது. நடுவர் பன்னிரண்டு குதிரைகளை மேஜையிலிருந்து எடுத்து ஓரமாக வைத்தார். எதிர்க்கட்சிக்காரர் அதில் ஒன்றை எடுத்து விளக்குக்கு நேராகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் ரொம்ப மரியாதையாக, "நன்றி, கேப்டன். இவை உங்களுடையவை" என்றார்.

கேப்டன் தன் குதிரைப்படையைத் தானே சுட்டுத் தீர்த்திருந்தார். மஞ்சள் வெளிச்சத்தில் கருநீலமும் கரும்பச்சையும் ஒன்றுபோலக் கறுப்பாகிவிட்டன. ஜெனரல் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்தார், சிரித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி சிரித்தார். கேப்டனுக்குக் காது வரை சிவந்துவிட்டது. "உங்கள் வர்ணக்காரன் இரண்டையும் ஒரே டப்பாவில் முக்கி எடுத்திருக்கிறான்!" என்று துரையைப் பார்த்து வெடித்தார்.

துரை மிஸ்திரியை உள்ளே கூப்பிட்டார். "இது என்ன வேலை? கேள் அவனை" என்று என்னிடம் சொன்னார். நான் கேட்டேன். மிஸ்திரி மேஜையைப் பார்த்தார். தலையைத் தூக்கி விளக்குகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "ஆமி ஷாதா ஆலோ சேயேச்சிலாம்."

"என்ன சொல்கிறான்?"

"சாதாரண விளக்குதான் வேண்டும் என்று தானே கேட்டதாகச் சொல்கிறார், ஸார்."

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குத் தெரிந்தவரை அதுதான் சரியான மொழிபெயர்ப்பு. அவருக்காக ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை. எட்டுப் பேர் கண்ணும் என்மேல் இருந்தன. சீக்கிரம் முடிந்தால் போதும் என்று இருந்தது.

"அப்படியானால் அவனே கேட்டு வாங்கிக்கொண்டது" என்றார் துரை. "திங்கட்கிழமையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்."

அதை ஒரு பிழையும் இல்லாமல் மொழிபெயர்த்துச் சொன்னேன்.

மிஸ்திரி வாதாடவில்லை. "டீக் ஆச்சே" என்றார். சரி என்று அர்த்தம். பிரஷ்களைத் துணியில் சுருட்டிக்கொண்டு கொட்டுகிற மழையில் இறங்கிப் போய்விட்டார். போகுமுன் என்னை ஒரு பார்வை பார்த்தார். வெட்கப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

தொப்பலாக நனைந்து வீடு வந்து சேர்ந்தேன். என் மனைவி துண்டும் மிளகு ரசமும் கொண்டுவந்து வைத்துவிட்டு என்ன ஆயிற்று என்று கேட்டாள். சொன்னேன். 'பாவம், நல்ல வேலைக்காரர், விளக்கு விஷயத்தில் கோட்டை விட்டுவிட்டார்' என்று என் தரப்பை நன்றாக மெழுகித்தான் சொன்னேன். அவள் முகம் மாறியது.

"அவர் என்ன வார்த்தை சொன்னார்? அப்படியே சொல்லுங்கோ."

"ஷாதா ஆலோ. சாதா விளக்கு."

"ஐயோ! ஷாதான்னா சாதா இல்லை. வெள்ளை! ஷாதான்னா வெள்ளை!"

"உனக்கு எப்படித் தெரியும்?"

ரசப் பாத்திரத்தை மூடி வைத்தாள். பிறகு சொன்னாள். "மாசி மாசம் பொடவைக்காரன் வாசல்ல வந்தான். ஜரிகை, பூ எல்லாம் வேண்டாம், ஆத்துல கட்டிக்கச் சாதாவா ஒண்ணு குடுன்னேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். அப்பறம் மூட்டையோட அடியிலேர்ந்து கரையே இல்லாம வெள்ளையா ஒண்ணை எடுத்து நீட்டினான். இந்த ஊர்ல அதை யார் கட்டிப்பான்னு உங்களுக்குத் தெரியுமோன்னோ? பக்கத்தாத்துப் பௌதி, அந்த வங்காளி மாமி, ஓடி வந்து, 'சீ சீ, எடு அதை'ன்னு அவனை விரட்டினா. அவதான் அர்த்தம் சொன்னா. நான் அன்னிக்கு நாள் பூரா அழுதேன். உங்ககிட்ட எப்படிச் சொல்றது? வாயால சொன்னாலே அபசகுனம்னு இருந்துட்டேன்."

ரசத்தைத் தள்ளி வைத்தேன். விதவைப் புடவையை நீட்டியது அந்தச் சொல். ஒரு மனுஷரின் பிழைப்பைப் பறித்ததும் அதே சொல். அவர் கேட்டது வெள்ளை வெளிச்சம். நான் தந்தது மஞ்சள் வெளிச்சம். 'நான் வெள்ளை வெளிச்சம் கேட்டேனே' என்று என் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறார். நான் அதை எடுத்து அவர் கழுத்திலேயே மாட்டிவிட்டேன்.

உங்களிடம் மறைக்கப் போவதில்லை. பேசாமல் இருந்துவிடலாமா என்று ஒரு மணி நேரம் யோசித்தேன். ஆபீஸில் யாருக்குத் தெரியப் போகிறது? நாலு மாதம் போனால் வேலை நிரந்தரம். ஊரில் அப்பாவுக்குக் கடிதம் எழுதலாம். துரையிடம் போய் உண்மையைச் சொன்னால் அடுத்த ரயிலில் ஊருக்கே போக வேண்டி வரலாம். இதை எல்லாம் வாய்விட்டே சொன்னேன். என் மனைவி உபதேசம் எதுவும் செய்யவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போகும்போது, "திங்கக்கெழமை அவாத்துல என்ன சமைப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை காளிகாட்டில் விசாரித்துக்கொண்டு அவர் சந்துக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து களிமண் கிளிகளுக்குப் பச்சை அடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை, உட்காரச் சொல்லவும் இல்லை. நான் நின்றபடியே, "ஷாதா என்றால் எது? காட்டுங்கள்" என்றேன். அவர் பிரஷால் வெள்ளைச் சாயக் கிண்ணத்தைத் தட்டினார்.

"எங்கள் பாஷையில் சாதா என்றால் சாதாரணம்" என்றேன். "நீங்கள் சாதாரண விளக்கு கேட்டதாக நினைத்தேன். துரையிடமும் அதையே சொல்லிவிட்டேன்."

அவர் பிரஷைக் கீழே வைத்தார். "அப்போ நீங்க பொய் சொல்லலையா?" என்று கேட்டார். "உங்க தலை தப்பணும்னு என் தலையில போட்டுட்டீங்கன்னு நெனச்சேன், பாபு. ராத்திரி பூரா உங்களைத் திட்டிக்கிட்டிருந்தேன். என் பொண்டாட்டி இன்னும் நிறுத்தலை." உள்ளே பாத்திரம் ஒன்று ஓங்கி வைக்கப்படும் சத்தம் கேட்டது. முதல் நாள் அவர் பார்த்த பார்வையின் அர்த்தம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. கூசிப் போய்விட்டேன்.

"வெள்ளைக்கு உங்க பாஷையில என்ன?" என்று கேட்டார்.

"வெள்ளை."

"பெல்லை" என்று சொல்லிப் பார்த்தார். வங்காளி வாயில் 'வ' நிற்காது. "இனிமே பெல்லைன்னே கேக்கறேன். ஆனா ஒண்ணு சொல்லுங்க. ஜன்னலைத் தொறந்தா வெள்ளை வெளிச்சம் சும்மாத்தானே வருது? அதைவிட சாதாரணம் வேற என்ன இருக்கு?" எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

நாளைக்கே துரையிடம் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவர் கையை ஆட்டினார். "சொன்னா நம்ப மாட்டார். நேத்து ஒண்ணு சொன்னீங்க, இன்னிக்கு ஒண்ணு சொல்வீங்க. காட்டணும்" என்று எழுந்து, என்னைத் தெருமுனை மிட்டாய்க் கடைக்கு அழைத்துப் போனார். பட்டப்பகலிலும் அந்த நீளமான கடையின் உள்பக்கத்தில் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மண்ணெண்ணெயிலேயே எரிவதுதான். ஆனால் சுடருக்கு மேல் மேண்டில் என்கிற சின்ன வலைப்பை. அது பழுக்கக் காய்ந்து பால் மாதிரி வெளிச்சம் விட்டது. அப்போது அது புதுச் சரக்கு. கடைக்காரர் பக்கத்தில் ஒரு சாதா விளக்கையும் ஏற்றி, சந்தேஷ் என்கிற பால் மிட்டாய்த் தட்டை நகர்த்திக் காட்டினார். சாதா விளக்கடியில் வைத்தால் காலையில் செய்த சந்தேஷ் முந்தாநாள் செய்தது போலப் பழுப்பாகத் தெரிகிறது. மேண்டில் அடியில் வைத்தால் அதே சந்தேஷ் வெள்ளை வெளேரென்று கூப்பிடுகிறது. மிஸ்திரி தினமும் மாலையில் அங்கே நின்று கற்றுக்கொண்ட பாடம்தான் 'ஷாதா ஆலோ'.

கரியாஹாட்டில் கேட்டவருக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. இப்போது உங்களுக்கு மின்சாரம் வந்துவிட்டது, விதவிதமான பல்பு கிடைக்கிறது. கடைக்காரன் பளபளப்பைக் காட்டுவான், மயங்காதீர்கள். பூசின சிப்பாய்களைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள். கருநீலம், கரும்பச்சை, வெள்ளை, இளமஞ்சள் இந்த நாலும் தனித்தனியாகத் தெரிகிற விளக்கு எதுவோ அதை வாங்குங்கள். பூசுவது ஜன்னலோரமாக இருந்தாலும், வார்னிஷ் அடிக்குமுன் ஆட்ட மேஜையின் விளக்கடியில் ஒரு முறை வைத்துப் பாருங்கள். மற்றதெல்லாம் கைப்பழக்கத்தில் வந்துவிடும். என் கதைக்குத் திரும்புகிறேன்.

திங்கட்கிழமை காலை, மிட்டாய்க் கடை விளக்கைத் துணியில் சுற்றி மிஸ்திரி எடுத்து வந்தார். அவரை வராந்தாவில் நிற்கச் சொல்லிவிட்டு விளக்கோடு உள்ளே போனேன். "பத்து நிமிஷம் மேஜைக்கு வர வேண்டும், ஸார்" என்றேன். என்ன தோன்றிற்றோ, துரை வந்தார். ஜன்னல்களை அடைத்தேன். பழைய விளக்கை ஏற்றினேன். ஆறு நீலம், ஆறு பச்சை, எல்லாவற்றையும் கலந்து வைத்து, பிரித்துத் தரும்படி கேட்டேன். துரை கெட்டிக்காரர், நிதானமாகவே பிரித்தார். பிறகு மேண்டில் விளக்கை ஏற்றினேன். அவருடைய நீலக் குவியலில் நாலு பச்சை நின்றுகொண்டிருந்தன. அவர் அந்த நாலையும் எடுத்து இடம் மாற்றி வைத்தார்.

"இந்த விளக்கைத்தானே முதலிலேயே போட்டிருக்க வேண்டும்?"

"ஆமாம், ஸார். மிஸ்திரி இதைத்தான் கேட்டார். நான் தப்பாகப் புரிந்துகொண்டேன். சனிக்கிழமை உங்களிடம் சொன்னதும் தப்பு." ஷாதாவையும் சாதாவையும் விளக்கினேன். சொல்லச் சொல்ல எனக்கே பைத்தியக்காரத்தனமாகப் பட்டது.

துரை மேண்டில் விளக்கைத் தானே தணித்தார். "உன் வேலை நிரந்தரமாவது ஒரு வருஷம் தள்ளிப் போகிறது" என்றார். சரி என்றேன். "அதுவும் நீ இங்கே இருந்தால்தான். அவனைக் கூப்பிடு."

மிஸ்திரி வந்து நின்றார். "இன்றைக்கே வேலையில் உட்காரலாம் என்று சொல்" என்றார் துரை. சொன்னேன். மிஸ்திரி கைகூப்பினார். "இனி, இதையும் கேள். தன் பிழைப்பைக் கெடுத்த ஆளோடு மறுபடி வேலை செய்ய அவனுக்குச் சம்மதமா? இல்லை என்றால் நான் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன்."

என்னை வைத்துக்கொள்ளட்டுமா, அனுப்பிவிடட்டுமா என்பதை நானே வங்காளியில் கேட்க வேண்டியதாயிற்று. கேட்டேன். பவானிபூர் அறையும், அதில் ஈரத் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கும் என் மனைவியும் கண் முன்னால் வந்தார்கள். மிஸ்திரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். அவசரமே இல்லை அவருக்கு. பிறகு துரையின் பக்கம் திரும்பி, "காதா" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "தோபே ஆமாதேர் காதா" என்று முடித்தார்.

"என்ன சொல்கிறான்?"

"கழுதை என்கிறார், ஸார்."

"அப்புறம் இன்னும் ஏதோ சொன்னானே?"

கல்கத்தாவுக்கு வந்து எட்டு மாதத்தில் மதராஸி என்றார்கள், பாபு என்றார்கள், புது ஆள் என்றார்கள். 'ஆமாதேர்' என்ற வார்த்தையை மட்டும் யாரும் சொன்னதில்லை. தப்பாக மொழிபெயர்த்துவிடக் கூடாதே என்று ஒருமுறை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

"ஆனால் எங்கள் கழுதை என்கிறார், ஸார்" என்றேன்.